எழுநூறில் நிற்காத கரண்ட்

மண்ணூரில் நான் வேலைக்குச் சேர்ந்த இடம் ஒரு தகர ஷெட். முன்பக்கம் ஹாலோ பிளாக் கல் போடுவார்கள், பின்பக்கம் நாங்கள். எங்களிடம் உருவானது ஒரே ஒரு பொருள்தான். லேத், சி.என்.சி. போன்ற இயந்திரங்களுக்குள், இரும்பை வெட்டும் முனைக்கு மேலே பொருத்துகிற எல்.இ.டி. விளக்கு. ஆயில் தெறித்தாலும் உள்ளே போகாதபடி அலுமினியக் கூட்டில் அடைத்து மூடியிருக்கும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துப் பட்டறைகள் வாங்கிக்கொண்டு போகும்.

அதற்கு முன் ஆறு வருடம் ஒரு பெரிய கம்பெனியில் லைனில் நின்றிருந்தேன். ஒரு கேபிளைச் செருக வேண்டும், பச்சை விளக்கு வந்தால் அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். அவ்வளவுதான். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோது என் மகன் மூன்றாம் வகுப்பு. இந்த ஷெட் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். டெஸ்டிங் தெரிந்த பெண் வேண்டும் என்று சொன்னார்கள். தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன். உண்மையில் ஒன்றும் தெரியாது.

சொல்லிக்கொடுத்தவர் சூப்பர்வைசர். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பைக்கில் வருவார். நாற்பது வயதிருக்கும், டிப்ளமா படித்தவர், அதிகம் பேசமாட்டார். முதலாளி சென்னையில் இருந்தார், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் ஷெட்டுக்கு இவர்தான் எல்லாம்.

வேலை இதுதான். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று இருக்கும். எல்.இ.டி.க்குப் போகிற கரண்ட் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கூடினால் அது உள்ளுக்குள் வெந்துபோகும். எவ்வளவு போகட்டும் என்று நாம் வைக்கிறோமோ அதற்கு மேல் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் போர்டின் வேலை. அந்த அளவை வைப்பது என் வேலை. போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு நீலப் பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளைத் திருகு. ஒன்று வோல்டேஜுக்கு, மற்றது கரண்டுக்கு. முதலில் விளக்கை மாட்டாமல் வோல்டேஜ் திருகைத் திருப்பி இருபதில் வைக்க வேண்டும். பிறகு மீட்டரின் சிவப்பு வயரைப் பிடுங்கி பக்கத்து ஓட்டையில் செருகி, விளக்குக்கும் போர்டுக்கும் நடுவே மீட்டரை மாட்டி, கரண்ட் திருகை மெல்லத் திருப்பி எழுநூறு மில்லி ஆம்பியரில் நிறுத்த வேண்டும். திருகு ஒரே சுற்றில் முடிகிற சாமான் இல்லை. இருபது இருபத்தைந்து சுற்று சுற்றும். அரைக்கால் சுற்றுக்கு எண் கொஞ்சம்தான் நகரும். எழுநூறு வந்ததும் திருகு அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

முதல் வாரம் அந்த சிவப்பு வயரைத் திரும்ப மாற்றிச் செருக மறந்துவிட்டேன். கரண்ட் ஓட்டையில் இருக்கும்போதே அடுத்த போர்டில் வோல்டேஜ் பார்க்கப் போய், சப்ளை வயரிலேயே மீட்டர் முனையை வைத்துவிட்டேன். பட்டென்று ஒரு பொறி. மீட்டருக்குள் பியூஸ் போயிற்று. சூப்பர்வைசர் திட்டவில்லை. டிராயரிலிருந்து வேறு பியூஸ் எடுத்துக் கொடுத்து, மீட்டரைக் கழற்றி நீயே போடு என்றார். அதன் பிறகு அந்தத் தவறு எனக்கு நேர்ந்ததே இல்லை.

மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. இடது கையால் வயரை மாட்டுவதற்குள் வலது கை திருகைத் தொட்டிருக்கும். எத்தனை சுற்று என்று விரலுக்கே தெரியும். ஒரு ஷிப்டில் நூறு போர்டுக்கு மேல் முடிப்பேன். யாராவது பார்க்க வந்தால் சூப்பர்வைசர் அவர்களை என் மேசைக்கு அழைத்துவந்து காட்டுவார். பெரிய கம்பெனியில் ஆறு வருடமும் கழுத்தில் தொங்கிய அட்டையின் எண்தான் என் பெயர். இங்கே ஒரு ஆள் என் பக்கத்தில் நின்று, இந்தம்மா கை வேகத்தைப் பாருங்கள் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஆர்டர் கூடியதும் இரண்டாவது மேசை ஒன்று போட்டார்கள். அதற்கு வந்த பெண் சங்கரன்கோவில் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சிறியவள். இருங்காட்டுக்கோட்டையில் வேறு மூன்று பெண்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள், காலையில் ஷேர் ஆட்டோவில் வருவாள். யார் வைத்த போர்டு என்று அடையாளம் தெரிய வேண்டும் என்று சூப்பர்வைசர் ஸ்ரீபெரும்புதூர் ஃபேன்சி ஸ்டோரில் இரண்டு நெயில் பாலிஷ் வாங்கிவந்தார். எனக்குச் சிவப்பு, அவளுக்கு ஊதா.

முதல் பத்து நாளில் நாங்கள் நன்றாகவே பழகினோம். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் காரம் போதாது என்பாள். அவள் கொண்டுவரும் சாதத்தோடு எப்போதும் ஒரு துவையல் இருக்கும். அதில் பாதி எனக்கு வந்துவிடும்.

அப்போது புதிதாக ஒரு லாட் போர்டு வந்தது. பார்க்க எல்லாம் பழையது மாதிரியேதான். நான் வழக்கம்போல வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் ஒரு போர்டை மாட்டிவிட்டு, எழுநூறில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி திருகைத் தொட்டு, அதன் பிறகுதான் ஊதாச் சொட்டு வைத்தாள். நான் மூன்று முடிக்கிற நேரத்தில் அவள் ஒன்று முடித்தாள்.

அன்று சாயங்காலம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"யக்கா, இந்த லாட்டு போர்டு சூடான பொறவு கரண்ட் ஏறுது. எழுநூறுல வச்சா நிக்க மாட்டேங்கு. நீங்களும் ஒருதடவ விட்டுப் பாருங்களேன்."

விட்டுப் பார்த்தேன். அதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் எழுநூறில் நிறுத்தியிருந்த ஒரு போர்டைக் கழற்றாமல் விட்டேன். பேசிக்கொண்டே இருக்கும்போது எழுநூற்றுப் பத்து ஆயிற்று. பிறகு எழுநூற்று இருபத்தைந்து. எழுநூற்று நாற்பதைத் தாண்டியபோது சுவிட்சை அணைத்தேன். பையனின் ஸ்கூல் வேன் வருகிற நேரம், கிளம்ப வேண்டும். ஆனால் அதற்காக மட்டும் அணைக்கவில்லை. இன்னும் பார்த்தால் இன்னும் ஏறும் என்று தெரிந்தது. ஏறினால், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நாளைக்கு நூறு போர்டு என்ற கணக்கு போய்விடும்.

"நமக்கின்னா வந்துது? பேப்பர்ல எழுநூறுன்னு போட்டுக்கீது. வெச்சிட்டு போய்க்கினே இரு," என்றேன்.

அவள் மறுநாளும் அதேபோலப் பத்து நிமிடம் உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது, அவள் மேசையில் போர்டுகள் தேங்கின. முதலாளி போனில் கேட்டிருப்பார் போலிருக்கிறது. ஒரு காலையில் சூப்பர்வைசர் அவள் மேசைக்கு முன்னால் நின்று, ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார். அவள் தயங்காமல் காரணத்தைச் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வருடமாக இதே டிசைன் போர்டுதான் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு புகார் வந்ததில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, இது சொல்றது நெசமா? உன் டேபிள்ல அந்த மாதிரி எதுனா பார்த்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"இல்ல சார். நான் வெச்சா வெச்ச எடத்துலதான் நிக்குது," என்றேன்.

அவர் மீட்டரை வாங்கி ஒரு முறை பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் என் வார்த்தையே அவருக்குப் போதுமாக இருந்தது. அன்று மதியமே அவளைப் பேக்கிங் மேசைக்கு மாற்றினார். அவளுடைய ஊதா பாட்டில் டிராயருக்குள் போயிற்று. அன்றிலிருந்து அவள் சாப்பிட என்னோடு உட்காரவில்லை. வாசலில் கல் போடுகிற இடத்துப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவும் இல்லை.

நிம்மதியாக இருந்தேனா என்றால், வேலை நேரத்தில் இருந்தேன். கை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தோன்றாது. கடைசி போர்டை வைத்துவிட்டு மீட்டரை அணைக்கும்போது மட்டும், அணைக்காமல் இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாமா என்று ஒரு எண்ணம் வரும். பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து இருங்காட்டுக்கோட்டைப் பட்டறை ஒன்றிலிருந்து ஐந்து பெட்டி விளக்கு திரும்பி வந்தது. வெளிச்சம் மங்கிவிட்டது, மஞ்சளடிக்கிறது, சிலது எரியவே இல்லை என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். வந்த பெட்டியைப் பிரிப்பது பேக்கிங் மேசையின் வேலை. அதனால் அவள்தான் பிரித்தாள். ஒவ்வொரு கூட்டையும் திறந்து போர்டை வெளியே எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். என் மேசையிலிருந்து பார்த்தால் தெரியும். முதல் வரிசை முழுக்கச் சிவப்புச் சொட்டு. இரண்டாவது வரிசையும் சிவப்பு. ஊதா வந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்றில் வயர் பிய்ந்திருந்தது. இன்னொன்று நன்றாகவே எரிந்தது, மொத்தமாகக் கழற்றியபோது சேர்ந்து வந்திருக்கும். அவற்றைத் தனியாக ஓரத்தில் வைத்தாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து அடுத்த பெட்டியின் டேப்பை வெட்டினாள்.

சூப்பர்வைசர் வந்தார், ஆனால் போர்டுகளைப் பார்க்கவில்லை. எல்.இ.டி.களை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மட்டமான சரக்கு அனுப்பிவிட்டான் என்று, எல்.இ.டி. விற்ற ஆளுக்குப் போன் போட நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் பழி அந்த ஆள் மேல் போயிருக்கும். புது எல்.இ.டி. வந்திருக்கும், நானும் அதே மாதிரி எழுநூறில் வைத்து அனுப்பியிருப்பேன், அதுவும் இரண்டு மாதத்தில் திரும்பி வந்திருக்கும். யோசித்தபோது இதெல்லாம் ஒரே நேரத்தில் தோன்றியது. தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. இதை இரண்டாவது தடவை தாங்க முடியாது என்றுதான் பட்டது. எழுந்து அவரிடம் போனேன்.

"சார், எல்.இ.டி. மேல தப்பு இல்ல. போர்டு சூடானா கரண்ட் ஏறுது. அந்தப் பொண்ணு அன்னிக்கு சொன்னது நெசம்தான். நானும் அப்பவே பார்த்தேன்."

அவர் போனைக் கீழே வைத்தார்.

"பார்த்தியா? அப்பறம் ஏன் இல்லன்னு சொன்ன?"

அவர் பதிலுக்குக் காத்திராமல், சிவப்புச் சொட்டுப் போர்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு நடந்தார். அவளையும் கூப்பிட்டார். நல்ல விளக்கு ஒன்றை மாட்டினார். மீட்டரை நடுவில் வைத்து சுவிட்சைப் போட்டார். எழுநூறு. அவளிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுது என்றார். மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். முன்பக்கம் கல் மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு, எழுநூற்று இருபத்தொன்பது, எழுநூற்று ஐம்பது என்று அவள் எழுதிக்கொண்டே போனாள். எழுநூற்று எண்பதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதன் பிறகு ஏறவில்லை. அவர் விரலால் போர்டைத் தொட்டுப் பார்த்து சட்டென்று எடுத்துக்கொண்டார். மேசை மேல் காற்றோட்டமாக இருக்கும்போதே இப்படியென்றால் மூடிய கூட்டுக்குள் என்ன ஆகும் என்று, எங்களிடம் இல்லாமல் தனக்குத்தானே சொன்னார். போர்டு செய்கிறவர்கள் அந்த லாட்டில் கரண்டை அளக்கிற ரெசிஸ்டரை மட்டமானதாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பின்னால் விசாரித்துக் கண்டுபிடித்தார்.

எனக்கு அவர் பெரிய தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து என் மேசையில் அவள் உட்கார்ந்தாள், நான் பேக்கிங்குக்குப் போனேன். கையிருப்பில் இருந்த போர்டு எல்லாவற்றையும் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. பழைய நெயில் பாலிஷைச் சுரண்டி எடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் வைத்த சிவப்பை நானே ஊசியால் சுரண்டினேன். திருகின் பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்தது லேசில் வராது.

அவள் ஒரு பலகையை எடுத்து அதில் வரிசையாக ஆறு கனெக்டரை அடித்தாள். சும்மா கிடந்த ஆறு விளக்குகளை எதிரே வைத்தாள். ஆறு போர்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக வோல்டேஜை வைத்து, விளக்கை மாட்டி எரியவிடுவாள். ஆறாவதை முடிப்பதற்குள் முதல் போர்டு சூடாகித் தயாராக இருக்கும். கரண்டை வைத்து, கழற்றி, அந்த இடத்தில் புதிது ஒன்றை மாட்டிவிட்டு இரண்டாவதுக்குப் போவாள். காத்திருக்கிற வேலையே இல்லை. ஒரு வாரத்தில் என்னுடைய நூறுக்குக் கிட்ட வந்துவிட்டாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. வேகமான கை என்று பேர் வாங்கியவளுக்கு ஒரு பலகையும் ஆறு கனெக்டரும் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் விளக்குகளை மாற்றிக்கொடுக்கப் பட்டறைக்குப் போனோம். சூப்பர்வைசர் வேன் எடுத்தார், எங்கள் இருவரையும் கூட வரச் சொன்னார். என்னை ஏன் அழைத்தார் என்று அப்போது புரியவில்லை. திருப்பி அனுப்பியது போக, பட்டறையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு மெஷினில் எங்கள் பழைய விளக்கே மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பழைய விளக்கைக் கழற்ற, அவள் புதியதை மாட்டிக்கொண்டு வந்தாள். ஓரத்து லேத்தில் ஒரு ஆபரேட்டர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புது விளக்கு எரிந்ததும் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"லைட்டுதானா? கண்ணு பூடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. பெரியாஸ்பத்திரி போய் கண்ணாடி மாட்டிக்கினு வந்தேன்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணாடி புதியது, பிளாஸ்டிக் பிரேமில் கடை ஸ்டிக்கரின் பசை இன்னும் ஒட்டியிருந்தது. பார்வை போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகவும், பீஸ் ஒன்றிரண்டு அளவு தப்பிப்போனதாகவும் சொன்னார். நான் கையில் இருந்த பழைய விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் வைத்தது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது வேன் மண்ணூர் கூட்டுரோட்டில் நின்றது. சூப்பர்வைசர் டீ குடிக்க இறங்கிப் போனார். நாங்கள் இருவரும் பின் சீட்டில் இருந்தோம், நடுவில் பழைய விளக்குப் பெட்டிகள். கண்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நான் செய்தது தப்பு என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்கே பார்த்தும் இல்லையென்று சொன்னேன், உன் வேலையை மாற்றிவிட்டார்கள், அதற்கப்புறமும் வாயைத் திறக்கவில்லை, மன்னித்துவிடு என்றேன். அவள் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொன்னது கூடப் போட்டும்க்கா. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னீய பாத்தீயளா, அதான் எனக்கு மறக்க மாட்டேங்கு," என்றாள்.

சூப்பர்வைசர் இரண்டு கப் டீ வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். குடித்தோம்.

அவள் பழையபடி ஆகவில்லை, பகையாகவும் இல்லை. வேலை விஷயம் பேசுவாள். இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் அவளாகவே டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். துவையலைத் திறந்து அவள் பக்கமே வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மீட்டர்களைச் சரிபார்க்கிற பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. போகிற நாளில் சூப்பர்வைசர் ஷெட்டில் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக்கொடுத்தார். அவள் ஆறு கனெக்டர் பலகையை என்னிடம் தந்து, மூன்றாவது கனெக்டர் கொஞ்சம் லூஸ், அழுத்திச் செருக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றே அதைக் கழற்றிப் புதிது போட்டேன்.

இப்போது அந்த மேசையில் மறுபடியும் நான்தான். போன மாதம் ஒரு புது லாட் வந்தது. முதல் போர்டை மாட்டி அரை மணி நேரம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினேன். எழுநூறு, எழுநூற்று இரண்டு, எழுநூற்று மூன்று, பிறகு அப்படியே நின்றது. பேப்பரைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தார்.